டிராகன் புத்தகம் வருமுன்: கேட்டதும் சொன்னதும்

‘ஃபிஸ்பன்ஸ் டிரெஷரி ஆஃப் டிராகன்ஸ்’ 2021 அக்டோபரில் கைக்கு வந்தது; டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதையாக ஆடும் விளையாட்டுக்கான புத்தகம் இது. அந்த ஜூலையில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து புத்தகம் வரும்வரை எனக்கு வந்த கேள்விகளில் சிலவற்றையும், அப்போது நான் சொன்ன பதில்களையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இந்த விளையாட்டை அதன் மூன்றாம் பதிப்புக் காலத்திலிருந்து நடத்துகிறேன். டிராகன் என்றால் இன்றைக்கும் முதல் நாள் மாதிரிதான் எனக்கு.

கேள்வி: மான்ஸ்டர் மேனுவல்லயே டிராகன் எல்லாம் இருக்கே அண்ணா, தனியா ஒரு புத்தகம் எதுக்கு?

இருக்கிறது. 2014-இல் வந்த அந்த அரக்கர் கையேட்டில் நிற டிராகன் ஐந்து, உலோக டிராகன் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு வயது நிலைகள். வளர்ந்த சிவப்பு டிராகனை எடுத்தால் 256 ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி), ஆர்மர் கிளாஸ் (அதன்மேல் அடி விழுவது எவ்வளவு கடினம் என்ற எண்) 19, அறுபது அடிக்கு விரியும் நெருப்பு, அதன் சேதத்துக்குப் பதினெட்டு ஆறுமுகப் பகடை. எண்ணுக்குக் குறைவே இல்லை. அந்த மலையை அது ஏன் பிடித்தது, யாரிடம் கப்பம் வாங்குகிறது, புதையலில் எதைத் தொட்டால் வெறிபிடிக்கும் என்பதையெல்லாம் ஆட்டத்தை நடத்தும் டிஎம்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஒருமுறை இதே சிவப்பு டிராகனைத் திறந்த வெளியில் இறக்கிவிட்டேன். மூன்றே சுற்றில் கதை முடிந்தது. ஆட்டக்காரர்கள் கைதட்டினார்கள், எனக்கு மனசே ஆறவில்லை. அடுத்த கேம்பெய்னில், அதாவது அடுத்த தொடர்கதையில், எண்களில் கைவைக்காமல், அதன் குகைக்குள்ளேயே வைத்து நடத்தினேன். ஒவ்வொரு சுற்றிலும் முறை வரிசையில் (இனிஷியேட்டிவ்) 20 வரும்போதெல்லாம் தரையிலிருந்து எரிகுழம்பு பீறிடும், நிலம் குலுங்கும். ஒரு மாலை முழுக்கப் போராடி, கடைசியில் பேரம் பேசிவிட்டு வெளியே வந்தார்கள். இன்றும் அந்த இரவைத்தான் பேசுகிறார்கள். புதிய நூலில் 20 வகை டிராகன்களைப் பற்றிய விவரமும் குகை வரைபடங்களும் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். நான் காத்திருப்பது அந்த வரைபடங்களுக்காகத்தான்.

கேள்வி: எல்லாரும் ரத்தின டிராகன், ரத்தின டிராகன்னு குதிக்கிறாங்க. அப்படி என்ன இருக்கு அதுல?

குதிக்கக் காரணம் இருக்கிறது. 1980-இல் ‘டிராகன்’ இதழில் முதலில் தலைகாட்டியவை இவை. விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்குள் இந்தப் புத்தகத்தில்தான் வருகின்றன. அமெதிஸ்ட், கிரிஸ்டல், எமரால்டு, சஃபையர், டோபாஸ் என்று ஐந்து. மனோசக்தி இவற்றின் தனிச்சொத்து.

எனக்குப் பிடித்தது வேறு. சிவப்புச் செதிலைக் கண்டதும் வாளை உருவுவார்கள், பொன்னிறத்தைக் கண்டதும் வணக்கம் வைப்பார்கள். பழகிய ஆட்டக்காரருக்கு நிறமே பதிலைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. ரத்தின டிராகன்கள் நன்மை, தீமை இரண்டு பக்கமும் சாயாதவை. எதிரில் நிற்கும் சஃபையர் டிராகன் என்ன நினைக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதனிடம் பேசித்தான் ஆக வேண்டும். ஒரு டிஎம்முக்கு இதைவிட நல்ல பரிசு எது?

கேள்வி: டிராகன்பார்ன் கேரக்டர் ஆடுறேன். மூச்சு விட்டா ஒரு டர்னே போயிடுது, அடிக்கிற அடியும் சுமார். இதுல மாறுமா சார்?

உங்கள் ஆதங்கம் நியாயமானது. டிராகன்பார்ன் என்றால் டிராகன் வம்சத்து மனித உருவினர், டிராகன் போலவே மூச்சை ஊதித் தாக்குபவர்கள். 2014-இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற விதிநூலில் ஊதுவதற்கு முழு ஆக்‌ஷன் போகிறது, ஓய்வெடுத்தால்தான் மறுபடி ஊதலாம். ஏப்ரலில் வந்த அன்எர்த்து ஆர்கானா சோதனை விதிகளில் அட்டாக் ஆக்‌ஷனில் ஓர் அடியை விட்டுக்கொடுத்து ஊதலாம் என்று மாற்றிப் பார்த்தார்கள். ஐந்தாம் நிலை ஃபைட்டர் ஒரு வெட்டு, ஒரு ஊதல் என்று அசத்தலாம். நிறம், உலோகம், ரத்தினம் என்று வம்சமும் மூன்றாகப் பிரிகிறது. டோபாஸ் வம்சத்தில் பிறந்தால் மூச்சின் சேதம் நெக்ரோட்டிக் (உயிரை உறிஞ்சுவது), எமரால்டு என்றால் சைக்கிக் (மனதைத் தாக்குவது). சோதனை விதி அச்சுக்குப் போகும்போது கொஞ்சம் மாறலாம். கேரக்டரை இப்போதே திருத்தி எழுத வேண்டாம்.

கேள்வி: ரேஞ்சருக்கு டிராகன் குட்டி உண்டாமே? ஏறிப் பறக்கலாமா?

உண்டு, காட்டுவழி வேட்டைக்காரரான ரேஞ்சரில் டிரேக்வார்டன் என்ற வகைக்கு. துணைக்கு வருவது டிரேக், டிராகனுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். எடுத்த எடுப்பில் ஏறிப் பறக்க முடியாது. உங்கள் நிலை உயர உயர அதுவும் வளரும்.

கேள்வி: ஃபிஸ்பன் யாருங்க?

இந்த விளையாட்டின் கதையுலகங்களில் ஒன்றான டிராகன்லான்ஸ் உலகத்து மறதிக்கார மந்திரவாதித் தாத்தா. அவருடைய ரகசியத்தை இங்கே உடைக்க எனக்கு மனமில்லை.

கேள்வி: முதல் உலகம், பஹமுட், டியாமட்னு புதுசா தோற்றக் கதை வருதாம். நாங்களே உருவாக்கின உலகம் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. முதல் உலகம் உருவானதிலும் அழிந்ததிலும் அந்த இரண்டு டிராகன் தெய்வங்களுக்கு இருந்த பங்கைச் சொல்லப்போகிறார்கள். பிடித்திருந்தால் உங்கள் உலகத்தில் டிராகன்களே சொல்லிக்கொள்ளும் புராணமாக வைத்துக்கொள்ளுங்கள். டிராகன் சொல்வது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

கேள்வி: அண்ணா, இந்த வெள்ளிக்கிழமை நான் முதல் தடவையா டிஎம். நாலு பேர், எல்லாரும் மூணாம் நிலை. டிராகன் வேணும்னு அடம் பிடிக்கிறாங்க. புத்தகம் வரட்டும்னு சொல்லிடவா?

சொல்லாதீர்கள் தம்பி. வெள்ளை டிராகன் குஞ்சை இறக்குங்கள். சேலஞ்ச் ரேட்டிங் (எவ்வளவு கடினமான எதிரி என்ற அளவு) 2, ஹிட் பாயின்ட் 32. ஆனால் அதன் பனிமூச்சு ஐந்து எட்டுமுகப் பகடை, சராசரி 22. மூன்றாம் நிலை மந்திரவாதி ஒரே மூச்சில் விழுந்துவிடலாம். ஆகவே முதல் மூச்சுக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை கொடுங்கள்: சுவரோடு உறைந்துபோன ஓநாய், கையை நீட்டியபடியே உறைந்த ஒரு வீரன். ஊதிய பிறகு ஒவ்வொரு டர்ன் தொடக்கத்திலும் ஆறுமுகப் பகடையை எல்லோர் கண்ணெதிரிலும் உருட்டுங்கள். 5 அல்லது 6 விழுந்தால் மூச்சு திரும்பிவிடும். அந்தப் பகடை உருளும்போது மேசையில் ஒரு சத்தம் இருக்காது.

புதையலையும் மறக்காதீர்கள். வெள்ளை டிராகன்கள் பிடித்ததைப் பனிக்குள் உறையவைத்துப் பார்த்து ரசிப்பவை. குஞ்சுக்கு ஒரே ஒரு பொருள் போதும். அதை எங்கே கண்டெடுத்தது, ஏன் விட்டுப் பிரியாது என்று இரண்டு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது அதைக் கையில் தூக்கினால் குஞ்சு என்ன செய்யும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். சனிக்கிழமை வந்து என்ன ஆச்சு என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.