பழைய மினி கார் மேட்டுல சூடாகுது, ஆயில் மூடியில வெள்ளைப் பசை

இஞ்சினை இறக்க வேண்டாம், ஆனா செக் பண்ற வரைக்கும் ஓட்டவும் வேண்டாம். டர்பன் பக்கத்துல பைன்டவுன்லேர்ந்து ஃபீல்ட்ஸ் ஹில் மேடு ஏறும்போது மட்டும் சூடாகுது, ஆயில் மூடிக்கு அடியில வெள்ளைப் பசைன்னு சொல்றீங்க, எனக்கு ஹெட் கேஸ்கெட் (இஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற அடைப்புத் தகடு) மேலதான் சந்தேகம், மினியில பெரும்பாலும் 2, 3 சிலிண்டருக்கு நடுவுலதான் போகும், ஏன்னா அந்த ரெண்டுக்கும் எக்ஸாஸ்ட் வழி ஒண்ணுதான், சூடு அங்கயே குவியும்.

காயில் வயரைக் கழட்டிட்டு, நாலு பிளக்கையும் எடுத்து, ஆக்சிலரேட்டரை முழுசா அமுக்கி, ஸ்டார்ட்டரைச் சுத்தவிட்டு ஒவ்வொரு சிலிண்டர்லயும் கம்ப்ரஷன் (அழுத்தம்) பாருங்க. 2, 3 ரெண்டும் சேர்ந்து இறங்கியிருந்தா கேஸ்கெட்தான். டிப்ஸ்டிக்ல (ஆயில் அளவு பார்க்கிற கம்பி) ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருந்தா ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, கியர்பாக்ஸும் அதே ஆயில்லதான் ஓடுது, பேரிங்கோட சேர்ந்து அதுவும் போயிடும்.

ஒண்ணு, கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டுற வண்டின்னா டர்பன் புழுக்கத்துக்கு மூடியில வெறும் ஈரமே அப்படி ஒட்டும், என் வண்டியிலயும் பார்த்திருக்கேன். டிப்ஸ்டிக்கும் கம்ப்ரஷனும் சுத்தம்னா ரேடியேட்டர்ல ஃபேன் பக்கம் பாருங்க, எண்ணெயும் மண்ணும் அங்கதான் அப்பிக்கும்.