சின்ன ஆக்டிவ் ஸ்பீக்கர் வாங்கும்முன்: கேள்விகளும் என் பதில்களும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) உள்ளேயே வைத்து வரும், 3 முதல் 5 இன்ச் ஊஃபர் (தாழ்ந்த சத்தம் தரும் பெரிய கூம்பு) உள்ள ஸ்பீக்கர்களை வீட்டில் வருஷக்கணக்கில் மாற்றி மாற்றிக் கேட்டுவருகிறேன். வந்த கேள்விகளுக்கு, கேட்டவர் ஊரைப் போட்டு, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

லாஸ்பேட்டை: அண்ணே, எடிஃபையரில் ஆர்1280டிபி 42 வாட்ஸ், ஆர்1700பிடி 66 வாட்ஸ். என் ரூம் பத்துக்குப் பன்னிரண்டு. கூடக் காசு கொடுக்கலாமா?

வாட்ஸுக்காக என்றால் வேண்டாம் தம்பி. 42க்கும் 66க்கும் நடுவே இருப்பது 2 டெசிபல்தான், உற்றுக் கேட்டால்தான் தெரியும். சத்தம் இரண்டு மடங்காகக் காதில் விழ வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் ஏற வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. உண்மையான வித்தியாசம் ட்வீட்டரில் (உயர்ந்த சத்தம் தரும் சின்னக் கூம்பு) இருக்கிறது: 1280இல் 13 மில்லிமீட்டர், 1700இல் 19. அதோடு 1700இன் முகப்பு பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் மேஜையில் வைத்தால் சத்தம் காதை நோக்கி வரும். ஆனால் உங்கள் ரூமுக்கு 1280 தாராளம். மிச்சக் காசில் நல்ல கனமான ஸ்டாண்ட் செய்துகொள்ளுங்கள், ட்வீட்டர் காது உயரத்துக்கு வரட்டும். அப்புறம், டப்பாவில் பிஎம்பிஓ (கண நேர உச்சத்தை வைத்துப் போடும் விளம்பர வாட்ஸ்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ்) எண்தான் கணக்கு.

திருப்பாதிரிப்புலியூர்: இளையராஜா பாட்டு கேட்கத்தான் வாங்குகிறேன். பேஸ் கிட்டார் 4 இன்ச்சில் வருமா, சப்ஊஃபர் (பேஸுக்கென்றே தனிப் பெட்டி) வேண்டுமா?

எனக்குப் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸ். 4 இன்ச் ஊஃபர் அறுபது எழுபதைத் தாண்டிக் கீழே போகும்போதே தளர்ந்துவிடும். ஆனாலும் அந்த ஸ்வரம் உங்களுக்குக் கேட்கும், ஏனென்றால் ஒவ்வொரு ஸ்வரத்தோடும் அதன் 82, 123 போன்ற மேல் அதிர்வுகளும் சேர்ந்தே வருகின்றன, அவற்றை வைத்து அடி ஸ்வரத்தை மூளை தானே கட்டிக்கொள்கிறது. ராஜாவின் பேஸ் ஒரு தனி மெட்டாகவே நகரும், அந்த நகர்வைப் பின்தொடர 4 இன்ச் போதும். வயிற்றில் வந்து மோதும் அந்தக் கனம்தான் வராது.

கனமும் வேண்டுமென்றால் ஜேபிஎல் 305பி எம்கே2 மாதிரி 5 இன்ச்சுக்குப் போகலாம். அதில் ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி ஆம்ப். ஆனால் ராத்திரி அமைதியில் கிட்டே உட்கார்ந்தால் ட்வீட்டரிலிருந்து மெல்லிய ‘ஸ்ஸ்’ கேட்கும், அது என்னைத் தொந்தரவு செய்தது, சிலருக்குச் செய்யாது. இன்னொரு வழி, சப்ஊஃபரை இணைக்க அவுட் உள்ள எடிஃபையர் ஆர்1280டிபிஎஸ் வாங்கிவிட்டு, சப்ஊஃபரை அடுத்த தீபாவளிக்குச் சேர்ப்பது.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்யுங்கள். பேஸ் நன்றாக ஓடும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு ரூமுக்குள் நடந்து பாருங்கள். நடு ரூமில் பேஸ் காணாமல் போகும், சுவர் ஓரம் போனால் திரும்ப வரும், மூலையில் ஊதிப் போகும். நாற்காலியை இரண்டடி நகர்த்தியே பேஸ் குறையைத் தீர்த்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். ஒரே அலமாரியில் இரண்டையும் ஒட்டி வைத்துவிட்டு ஸ்பீக்கர் சரியில்லை என்று சொல்வது அநியாயம். ஐந்தடி விலக்கி வையுங்கள், நீங்களும் அதே ஐந்தடி தள்ளி உட்காருங்கள். பாடுகிறவர் நடுவில் வந்து நிற்பார்.

பீரோ பக்கத்தில் இருந்தால் அதன் கதவு அதிரும், அதையும் பாருங்கள்.

முத்தியால்பேட்டை: மாமா பாரிசிலிருந்து வருகிறார், அண்ணன் அமெரிக்காவில். யாரிடம் வாங்கிவரச் சொல்வது?

மாமாவிடம். பிரான்ஸிலும் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், பிளக் மட்டும்தான் வேறு. மூன்று கம்பி வயர் என்றால் எர்த் உள்ள அடாப்டராகவே போடுங்கள். அமெரிக்காவில் 120 வோல்ட். பின்பக்கம் 100-240 என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை, 120 மட்டும் என்றால் இங்கே செருகிய நொடியில் போய்விடும். இரண்டிலுமே இங்கே வாரண்டி கிடைக்குமா என்று முதலில் விசாரித்துவிடுங்கள்.

தேவனாம்பட்டினம்: கடலிலிருந்து மூன்றாவது தெரு. உப்புக்காற்றில் தாங்குமா சார்?

ஊஃபரைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா ஃபோமா என்று பாருங்கள். என்னிடம் ஃபோம் வளையம் வைத்த பழைய ஜோடி ஒன்று இருந்தது, நம் ஊர் ஈரத்தில் தொட்டால் உதிர்ந்தது. ரப்பர் பல மடங்கு தாங்கும். ஆர்சிஏ (சிவப்பு, வெள்ளை ஆடியோ வயர்) முனைகளை மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்துச் செருகுங்கள், பச்சை பிடிக்காது. தரையில் மட்டும் வைக்காதீர்கள். பெட்டி அழுத்திய மரத்தூள் பலகை, தண்ணீர் பட்டால் உப்பிவிடும். 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை வெள்ளம் ஏறியதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ரெட்டியார்பாளையம்: லேப்டாப்பில் செருகினால் ‘ம்ம்ம்’ என்று ஓடுகிறது.

சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் சுற்றுதான் (எர்த் கம்பி, ஆடியோ வயர் வழியே சுற்றிவரும் மின்சாரம்) காரணம், ஸ்பீக்கரில் கோளாறு இல்லை. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். எர்த் பின்னை வெட்டச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், உயிர் விஷயம் அது.

வில்லியனூர்: டிவிக்கு புளூடூத் போதுமா?

பாட்டுக்குச் சரி. படத்தில் உதடு முந்தும், குரல் பிந்தும். ஆப்டிகல் வயர் (ஒளி வழியே சத்தம் கடத்தும் வயர்) போட்டு, டிவியின் சவுண்ட் செட்டிங்கில் பிசிஎம் (சுருக்காத சாதாரண ஒலி வடிவம்) வையுங்கள்.

நெல்லிக்குப்பம்: ஜேபிஎல் 104, பிரிசோனஸ் எரிஸ் 3.5, எடிஃபையர் எம்ஆர்4. டைல்ஸ் போட்ட ஹால், குரல்தான் எனக்கு முக்கியம், கர்நாடக சங்கீதம். எது அண்ணா?

104இல் 4.5 இன்ச் ஊஃபரின் நடுவிலேயே ட்வீட்டர் இருப்பதால் ஹாலில் எங்கே உட்கார்ந்தாலும் குரலின் நிறம் அதிகம் மாறாது, நாலு பேர் சேர்ந்து கேட்கும் வீட்டுக்கு அது நல்லது. ஆனால் காற்றுத் துளை பின்பக்கம், சுவரோடு ஒட்டி ஷோகேஸில் திணித்தால் மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த சத்தம் தரும் பக்கம்) குழம்பிப் போகும், ஒரு முழமாவது இடம் விடுங்கள். எரிஸ் 3.5 மேஜைக்கு நல்லது, ஹாலுக்குப் போதாது. எம்ஆர்4தான் என் தேர்வு அக்கா. குரலும் தம்பூராவும் ஒன்றையொன்று மூடாமல் பிரிந்து நிற்கின்றன. முதலில் வந்த எம்ஆர்4இல் புளூடூத் இல்லை, அதனால் வயருக்குத் தயாராக இருங்கள். எதை வாங்கினாலும் ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் ஒரு ஜமக்காளம் விரித்து, ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். டைல்ஸ் எதிரொலிதான் குரலைக் கூச வைக்கிறது. விரிக்காமல் ஒருமுறை, விரித்து ஒருமுறை, அதே ஆலாபனையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.