லாபம் மட்டும் தாய் கம்பெனிக்கா?

கேள்வி: வெளிநாட்டுல ஒரு கம்பெனி மனித உரிமையை மீறினா அந்த நாட்டு கோர்ட்லயே கேஸ் போட்டுக்கலாமே, அதைச் சொந்தமா வச்சிருக்கிற தாய் கம்பெனியோட நாட்டுக்கு ஏன் இழுக்கணும்? இப்படி மிரட்டினா யார் முதலீடு பண்ணுவாங்க?

பதில்: போபால் விஷவாயு விபத்துல நீங்க சொன்ன வழிதான் நடந்துச்சு. அமெரிக்காவுல போட்ட வழக்கை 1986-ல நியூயார்க் நீதிபதி, இந்தியாவுலயே பார்த்துக்கோங்கன்னு தள்ளிட்டாரு. 1989-ல 47 கோடி டாலரோட இழப்பீட்டுக் கணக்கை முடிச்சாங்க. கிரிமினல் வழக்குல 2010-ல தண்டனை வந்தது இந்தியக் கிளையில இருந்தவங்களுக்கு மட்டும், அதுவும் 2 வருஷம். அமெரிக்கத் தாய் கம்பெனியான யூனியன் கார்பைடோட அப்போதைய தலைவர் வாரன் ஆண்டர்சன் கடைசிவரை விசாரணைக்கே வராம 2014-ல செத்துப்போனாரு.

இப்ப ஆப்பிரிக்காவுல ஜாம்பியாவைப் பாருங்க. சிங்கோலாங்கிற ஊர் பக்கத்துல செப்புச் சுரங்கக் கழிவு ஆத்துல கலந்து குடிக்கிற தண்ணி, பயிர்னு எல்லாம் பாழாச்சுன்னு 1,826 கிராமத்து ஜனங்க அந்தச் சுரங்கத்தோட தாய் கம்பெனியான, பிரிட்டன்ல பதிவான வேதாந்தா மேல லண்டன்ல வழக்குப் போட்டாங்க, கம்பெனியோ சுரங்கம் நடத்துறது எங்க துணை நிறுவனம்தான், அந்தக் கேஸை ஜாம்பியாவுலயே நடத்துங்கன்னு சொல்லிடுச்சு. ஆனா துணை நிறுவனங்களை நாங்கதான் மேற்பார்வை பண்றோம்னு அவங்களே வெளியிட்ட அறிக்கையில எழுதி வச்சிருக்காங்க! பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2019-ல அதையே எடுத்துக் காட்டி, இந்த வழக்கை இங்க விசாரிக்கலாம்னு சொல்லிடுச்சு. ஜாம்பியா கோர்ட் மேல எந்தக் குறையும் சொல்லல. வக்கீல் வைக்கக்கூட வழியில்லாத ஏழை ஜனங்க, இவ்ளோ பெரிய வழக்கை எடுத்து நடத்த வசதியுள்ள வக்கீல் குழுவும் அங்க இல்ல, அப்புறம் நியாயம் எப்படிக் கிடைக்கும்னுதான் பார்த்தாங்க. 2021-ல கம்பெனி, தப்பை ஒத்துக்காமலே, சமரசத்துக்கு வந்துச்சு. அதனாலதான் தாய் கம்பெனியோட நாட்டுக்கு இழுக்கணும்னு சொல்றேன், லாபம் மேல போற அதே வழியில பொறுப்பும் போகணும்.

எல்லா கோர்ட்டும் இப்படி இல்லங்கிறதும் உண்மை. ஐவரி கோஸ்ட் கோகோ தோட்டங்கள்ல சின்னப் பசங்களா அடிமை வேலை பார்த்தவங்க நெஸ்லேயோட அமெரிக்க நிறுவனம் மேல போட்ட வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021-ல ஏத்துக்கல, நிர்வாக முடிவு அமெரிக்காவுல எடுத்தாங்கங்கிறது மட்டும் அங்க வழக்கு நடத்தப் போதாதாம்.

முதலீடு போயிடும்னு பயப்படுறீங்க. பிரான்ஸ் 2017-லயே சட்டம் போட்டு, பெரிய கம்பெனிங்க துணை நிறுவனம், சப்ளையர் வரைக்கும் ஆபத்தைக் கண்காணிக்கணும், தவறினா நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம்னு ஆக்கிடுச்சு. அங்க கம்பெனிங்க இன்னும் தொழில் பண்ணிட்டுதான் இருக்காங்க. எனக்கு அந்தச் சட்டமே பத்தல. நிரூபிக்கிற சுமை இன்னும் பாதிக்கப்பட்டவங்க தலையிலதான் இருக்கு, அதுக்கு வேண்டிய உள் கடிதங்களும் ஆவணங்களும் கம்பெனி கையில இருக்கு. அடுத்து மாத்த வேண்டியது அதைத்தான்.