‘ஃபேன்டாஸ்டிக்ஸ்’ பார்க்க வந்தவர்களைப் பார்த்த கதை

கேள்வி: நாலைந்து நடிகர்கள், ஒரு பியானோ என்று சின்ன அரங்குக்காகவே எழுதப்பட்ட பழைய இசை நாடகத்தை ஆஃப் பிராட்வேயில் (நியூயார்க்கின் சிறிய நாடக அரங்குகளில்) மறுபடி மேடையேற்றினால் மக்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

நான் பார்த்தது ‘த ஃபேன்டாஸ்டிக்ஸ்’. நியூயார்க்கில் 2006 ஆகஸ்டில் மறுபடி தொடங்கி, 2017 ஜூன் வரை ஓடியது. அந்தக் காலத்தில் நான் நியூ ஜெர்சியில் குடியிருந்தேன். ஊரிலிருந்தும் மற்ற மாநிலங்களிலிருந்தும் வருகிறவர்கள் எல்லோரும் “ஒரு ஷோ பார்க்கணும்” என்பார்கள். பெரிய ஷோக்களின் டிக்கெட் விலையைப் பார்த்ததும் முகம் மாறிவிடும். அப்போது நான் கூட்டிப்போகும் இடம் இதுதான். அதனால் நாடகத்தை மட்டுமல்ல, வெவ்வேறு நாளில் வெவ்வேறு கூட்டம் அதை எப்படிப் பார்த்தது என்பதையும் கவனிக்க வாய்த்தது.

என் பதில் இதுதான்: அந்த அரங்கில் ‘பார்வையாளர்கள்’ என்று ஒரே கூட்டம் எப்போதும் இருந்ததில்லை. இரண்டு கூட்டம் கலந்து உட்கார்ந்திருக்கும். ஒன்று நாடகம் பார்க்க வந்த கூட்டம். இன்னொன்று, முன்னொரு காலத்தில் தாங்கள் பார்த்த அதே நாடகத்தைத் தேடிக்கொண்டு வந்த கூட்டம். இடம் சின்னது என்பதால் இரண்டும் ஒன்றின் முகத்தை மற்றொன்று பார்த்துக்கொண்டே இருக்கும். மேடையில் நடப்பதற்குக் குறையாத நாடகம் அது.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. டாம் ஜோன்ஸ் கதையும் பாடல் வரிகளும் எழுத, ஹார்வி ஷ்மிட் இசையமைத்தார். (பிரிட்டிஷ் பாடகர் டாம் ஜோன்ஸ் இல்லை, இவர் வேறு.) 1960 மே 3 அன்று நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் சல்லிவன் ஸ்ட்ரீட் பிளேஹவுஸ் என்ற, சுமார் 150 பேர் உட்காரக்கூடிய அரங்கில் தொடங்கியது. முதல் விமர்சனங்கள் ஒன்றும் ஓகோ என்று இல்லை. ஆனாலும் வாய்வழியாகவே பேர் பரவி, 2002 ஜனவரி 13 வரை 17,162 காட்சிகள் ஓடிவிட்டது. உலகத்திலேயே மிக நீண்ட காலம் தொடர்ந்து ஓடிய இசை நாடகம் அது. மேடைக்கு மொத்தம் 900 டாலர், உடைகளுக்கு 541 டாலர் செலவழித்ததாகக் கணக்கு. ஒரு சின்ன மரமேடை, நாலு கம்பம், ஒரு பழைய பெட்டி, அட்டையில் வெட்டிய நிலா. இசைக்கு ஒரு பியானோ, ஒரு ஹார்ப் (யாழ் போன்ற நரம்புக் கருவி). அவ்வளவுதான்.

கதையும் எளிது. பக்கத்து வீட்டு அப்பாக்கள் இருவர் தங்கள் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைக்க ஆசைப்படுகிறார்கள். வேண்டாம் என்றால்தான் பிள்ளைகள் செய்வார்கள் என்று தெரிந்து, பகை என்று நடித்து நடுவில் சுவர் எழுப்புகிறார்கள். மாட் என்ற பையனும் லூயிசா என்ற பெண்ணும் எதிர்பார்த்தபடியே காதலிக்கிறார்கள். பகையை முடித்துவைக்க எல் காயோ என்ற ஆளைக் கூலிக்கு அமர்த்தி, பெண்ணைக் கடத்துவதுபோல நடிக்கச் சொல்கிறார்கள். பையன் சண்டை போட்டு ஜெயிக்கிறான், எல்லோரும் சேர்கிறார்கள், முதல் பாதி முடிகிறது. இரண்டாம் பாதியில் உண்மை வெளிவந்து எல்லாம் கசக்கிறது.

மறு அரங்கேற்றம் நடந்த இடம் பிராட்வேயும் 50-ஆவது தெருவும் சந்திக்கும் மூலை. பிராட்வே என்பது தெருவின் பெயர், அந்தப் பகுதியின் பெரிய நாடக அரங்குகளையும் அப்படித்தான் சொல்வார்கள். அப்படியானால் அது பிராட்வேதானே என்று கேட்பீர்கள். இருக்கைக் கணக்குதான் காரணம். 500 இருக்கை இருந்தால்தான் பிராட்வே. இங்கே 199. அதனால் பிராட்வே மேலேயே இருந்துகொண்டு ஆஃப் பிராட்வே. அதே கட்டடத்தில் இன்னொரு அரங்கில், 1987-இல் வேறோர் இடத்தில் ஆரம்பித்த ‘பெர்ஃபெக்ட் க்ரைம்’ என்ற துப்பறியும் நாடகம் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. ஓட ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத நாடகங்களுக்கென்றே கட்டிய கட்டடமோ என்று தோன்றும். 2007-இல் ‘ஃபேன்டாஸ்டிக்ஸ்’ அரங்குக்கு ஜெர்ரி ஆர்பக் பெயரை வைத்தார்கள். 1960-இல் முதல் எல் காயோ அவர்தான். ‘லா அண்ட் ஆர்டர்’ தொடரில் போலீஸ் துப்பறிவாளராக வந்தவர் என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். “இவர் பாடுவாரா?” என்று வாசலில் ஆச்சரியப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, உள்ளே போவோம். முதல் பாட்டே ‘ட்ரை டு ரிமெம்பர்’. ஒரு செப்டம்பர் மாதத்தை நினைத்துப்பார்க்கச் சொல்லும் பாட்டு. ஹார்ப் தொடங்கியதுமே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். வயதானவர்களின் உதடு அசையும். சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒரு ஞாயிறு மதியக் காட்சியில் எனக்கு முன்னால் இருந்த அம்மையார் சன்னமாகக் கூடவே பாட ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் இருந்த இளைஞன் முதலில் எரிச்சலோடு திரும்பினான், அவர் முகத்தைப் பார்த்தான், பிறகு ஒன்றும் சொல்லாமல் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆயிரம் பேர் உட்காரும் அரங்கில் இது நடக்காது. அங்கே இருட்டில் யாரும் யாரையும் பார்க்க முடியாது, பாடினால் ‘உஷ்’ என்ற சத்தம்தான் வரும்.

எங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் நியூயார்க்கிலேயே பிறந்து வளர்ந்தவர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அந்தப் பாட்டில் ‘செப்டம்பர்’ வரும் இடத்தைத் தன்னால் பழைய மாதிரி கேட்க முடியவில்லை என்றார். பாட்டு எழுதப்பட்டதோ நாற்பது வருடம் முன்னால். பாட்டுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. ஆனாலும் அப்படித்தான்.

நெருக்கம் என்றால் நிஜமான நெருக்கம். பேசாப் பாத்திரம் ஒன்று உண்டு. ஒரு கோலை நீட்டிப்பிடித்தால் அதுதான் சுவர். காதலர்கள் மழைக்கு ஒதுங்கும் பாட்டில் அதே ஆள் காகிதத் துண்டுகளைக் கை நிறைய எடுத்துத் தூவுவார். மழை அதுதான். ஒருமுறை என்னோடு வந்த பத்து வயதுப் பையன், “அவர் கையைப் பார்த்துவிட்டேன், காகிதம்தான்” என்று என் காதில் சொன்னான். சொல்லிவிட்டு அடுத்த நிமிடமே அந்தக் காகிதம் லூயிசாவின் தலைமுடியில் சிக்கியதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். இந்த நாடகம் யாரையும் ஏமாற்றுவதில்லை. காகிதம் என்று காட்டிவிட்டுத்தான் மழை என்று சொல்கிறது. அதை ஏற்றுக்கொள்கிறவர்கள் உள்ளே போய்விடுவார்கள். ஏற்காதவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். நடிகர்களுக்கு அதுவும் தெரியும். முதல் வரிசையில் ஒருவர் தூங்கிவிழுந்த நாளில் எல் காயோவாக நடித்தவர் ஒரு வரியை அவரைப் பார்த்தே கொஞ்சம் உரக்கச் சொன்னார். கூட்டம் சிரித்தது, தூங்கியவர் மட்டும் கடைசி வரை ஏன் என்று தெரியாமலே இருந்தார்.

பெட்டியிலிருந்து இரண்டு கிழட்டு நடிகர்கள் எழுந்து வருவார்கள். ஒருவர் ஷேக்ஸ்பியர் வரிகளை மறந்து மறந்து சொல்லும் ஹென்றி. மற்றவர் மார்ட்டிமர், செத்துவிழுவதில் நிபுணர். எல்லா வயதினரும் ஒன்றாகச் சிரிக்கும் இடம் இது ஒன்றுதான். 2006-இல் மறு அரங்கேற்றத்தை இயக்கிய டாம் ஜோன்ஸே ‘தாமஸ் புரூஸ்’ என்ற பெயரில் ஹென்றியாக நடித்தார். 1960-இலும் அதே வேடம், அதே பெயர். அப்போது முப்பத்திரண்டு வயதுக்காரர் கிழவராக நடித்தார், இப்போது எழுபத்தெட்டில் நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஐம்பதாம் ஆண்டான 2010-இலும் வந்து நடித்தார். விஷயம் தெரிந்தவர்கள் அவர் பெட்டியிலிருந்து தலையை நீட்டியதுமே கைதட்டினார்கள். தெரியாதவர்கள், யாரோ பெரிய சினிமா நடிகர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தாங்களும் தட்டினார்கள்.

எல்லா இடத்திலும் இப்படி இணக்கம் கிடையாது. கடத்தலுக்கு என்னென்ன ரகம், எதற்கு என்ன விலை என்று எல் காயோ அப்பாக்களிடம் பட்டியல் போடும் பாட்டு ஒன்று. பழைய பாட்டில் ‘ரேப்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். கடத்தல் என்ற பழைய பொருளில்தான் என்று பாத்திரமே விளக்கமும் சொல்லும். 1960-இல் அது வேடிக்கையாகக் கடந்துபோனது. காலம் மாறியதும் கூட்டம் சிரிக்கவில்லை, ஜோன்ஸும் ஷ்மிட்டும் மாற்றாக ஒரு பாட்டு எழுதிவைத்தார்கள். நான் பார்த்த நாட்களில் அந்தக் காட்சியில் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். ஒரு பெண்ணின் கடத்தலுக்கு இரண்டு அப்பாக்கள் பேரம் பேசுவதே சிலருக்கு நெருடல், சொல்லை மாற்றினால் மட்டும் சரியாகிவிடுமா? எனக்குப் பின்னால் இருந்த கல்லூரிப் பெண்கள் இடைவேளையில் அதைப் பற்றித்தான் பேசினார்கள். அவர்கள் பேசியது நியாயம் என்றே நினைத்தேன்.

இரண்டாம் பாதிதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. முதல் பாதி முடிவில் எல்லோரும் சிரித்த முகத்தோடு ஒரு குடும்பப் படம்போல உறைந்து நிற்பார்கள். இடைவேளை முடிந்து வந்தால் அதே நிலையில்தான் இருப்பார்கள், ஆனால் கை வலிக்க ஆரம்பித்திருக்கும், சிரிப்பு இழுத்துப் பிடித்த சிரிப்பாகியிருக்கும். நிலாவைத் திருப்பினால் சூரியன். வெளிச்சத்தில் ஒருவருக்கொருவர் குறை தெரிகிறது. பையன் ஊரைவிட்டுப் போய் உலகத்திடம் அடிவாங்குகிறான். அவன் படும் பாட்டை லூயிசா ஒரு முகமூடி வழியாக வேடிக்கை பார்க்கிறாள். எல் காயோ அவள் அம்மாவின் நெக்லஸை வாங்கிக்கொண்டு, கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போயே போய்விடுகிறான்.

இங்கே கூட்டம் தலைகீழாகிவிடும். முதல் பாதியில் “ரொம்பக் குழந்தைத்தனம்” என்று நெளிந்த இளைஞர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பாட்டு முணுமுணுத்த பெரியவர்கள் கல்லாகிவிடுவார்கள். நெக்லஸ் போகும் இடத்தில் ஒருநாள் யாரோ ஒரு அம்மா “நோ, நோ” என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். முதல் தடவை பார்க்கிறவர் அப்படிச் சொல்லியிருந்தால் ஆச்சரியமில்லை. அவரோ இடைவேளையில், சல்லிவன் தெருவில் தன் கணவரோடு பார்த்ததாக யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தவர். தெரிந்தே பதறினார்.

இந்த அப்பாக்களும் ஒரு பாட்டுப் பாடுவார்கள். முள்ளங்கி விதைத்தால் முள்ளங்கி முளைக்கும், பிள்ளைகளை நம்ப முடியாது என்று. பிள்ளைகளோடு வந்த பெற்றோர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், பக்கத்தில் பதின்வயதுப் பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். என் மாமனாருக்கு ஆங்கிலப் பாட்டு பாதிதான் புரிந்தது, இந்தப் பாட்டு முழுசாகப் புரிந்தது.

குறை சொன்னவர்களும் நிறையப் பேர். பெரும்பாலும் முதல் அரங்கேற்றத்தின் சாயலிலேயே ஜோன்ஸ் இதை அமைத்திருந்தார். “மாற்றவே இல்லை, அருங்காட்சியகம்” என்று சிலர். “சல்லிவன் தெருவில் இருந்த அது இங்கே இல்லை” என்று வேறு சிலர். இரண்டாவது புகாருக்கு எந்த இயக்குநரும் மருந்து கொடுக்க முடியாது. முதல் புகாரில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. அந்தக் கடத்தல் காட்சியைப் பழைய ஆட்டத்தின் நினைவில் கட்டிக்காக்காமல் முழுதாகவே மாற்றி யோசித்திருக்கலாம். ஆனால் கோல், காகிதம், நிலா இவற்றில் கைவைக்காததற்கு நன்றி சொல்வேன்.

இடையில் ஒரு வேடிக்கை. 2011 நவம்பரில் பாப் பாடகர் ஆரன் கார்ட்டர் மாட் வேடத்தில் நடிக்க வந்தார். சிறுவயதில் அவர் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்த பெண்கள் இருபது சொச்சம் வயதில் கூட்டமாக வந்தார்கள். அவர்களும் ஒரு பழைய நினைவைத் தேடி வந்தவர்கள்தான், நினைவு மட்டும் வேறு. வழக்கமான பெரியவர்களுக்கும் இவர்களுக்கும் நடுவே நான் உட்கார்ந்திருந்த அன்று, மாட் அடிபட்டுக் கந்தலாகத் திரும்பி வரும் காட்சியில் இரண்டு பக்கமும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கைதட்டலைவிடப் பெரிய எதிர்வினை 2015-இல் வந்தது. வசூல் இல்லை, 55 ஆண்டு நிறையும் மே 3 அன்று நிறுத்தப்போகிறோம் என்று அறிவித்தார்கள். பெயர் சொல்ல விரும்பாத ரசிகர்கள் இரண்டு பேர் பணம் கொடுத்தார்கள், நாடகம் மேலும் இரண்டு வருடம் ஓடியது. 2017 ஜூன் 4 அன்று முடிந்தபோது இந்த மறு அரங்கேற்றத்தின் கணக்கு மட்டும் 4,390 காட்சிகள்.

ஷ்மிட் 2018-இல் போய்விட்டார், ஜோன்ஸ் 2023-இல். போவதற்கு முன் ஜோன்ஸ் இன்னொரு வேலையும் செய்தார். காதலர் இருவரும் ஆண்களாக இருக்கும்படி நாடகத்தைத் திருத்தி எழுதினார். அது 2022-இல் மிச்சிகன் மாநிலம் ஃபிளின்ட் நகரில் மேடையேறியது. தொண்ணூறைத் தாண்டியவர் தன் நாடகத்தில் கைவைத்திருக்கிறார், சல்லிவன் தெரு ரசிகர்கள் அதற்கு என்ன சொல்வார்களோ! அந்தத் திருத்திய நாடகம் நியூயார்க்குக்கு வந்தால் முதல் வாரமே டிக்கெட் எடுப்பேன், மேடைக்கு எதிரே இல்லாமல் பக்கவாட்டில், எதிர்வரிசை முகங்கள் தெரிகிற இடமாகப் பார்த்து.