மாமனாரின் எண்பதுக்கு ஒரு டப்பா பைப் புகையிலை

கேள்வி: என் மாமனாருக்கு அடுத்த மாதம் சதாபிஷேகம். பல்லார்ட் எஸ்டேட்டில் கப்பல் கம்பெனி வேலையில் இருந்த நாளிலிருந்து பைப் பிடிப்பவர். இப்போது ஞாயிறு மாலை பால்கனியில் ஒரே ஒரு தடவை. லண்டனிலிருந்து வரும் என் மைத்துனர், "உயர்ந்ததாக ஒன்று சொல்லுங்கள், வாங்கி வருகிறேன்" என்கிறார். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. எதைச் சொல்வது?
- வாசகர், செம்பூர்

பதில்: புகையை உள்ளே இழுப்பதில்லை, அதனால் பைப்பில் கெடுதல் இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. நம்ப வேண்டாம். வாய்ப் புற்றுநோய்க்கும் தொண்டைப் புற்றுநோய்க்கும் இதுவும் ஒரு காரணம். பழக்கமில்லாதவருக்குப் பரிசாக வாங்க நான் யோசனை சொல்ல மாட்டேன். உங்கள் மாமனார் தெரிந்தே பிடிப்பவர், அதுவும் வாரத்துக்கு ஒரு முறை. சரி, மேலே போவோம்.

உயர்ந்தது எது என்று கேட்காதீர்கள், அவருக்குப் பழகியது எது என்று பாருங்கள். அலமாரியில் பழைய டப்பா இருந்தால் அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். இல்லாவிட்டால் அவருடைய பைப்பை முகர்ந்து பாருங்கள். விறகடுப்புப் புகை மாதிரி அடித்தால் லடாக்கியா சேர்ந்த 'இங்கிலீஷ்' கலவை. லடாக்கியா இலையை மரப்புகையில் வாட்டுவார்கள். முன்பு சிரியாவிலிருந்து வந்தது, இப்போது பெரும்பாலும் சைப்ரஸ். வெனிலா, செர்ரி வாசனை வந்தால் 'அரோமேட்டிக்'. பக்கத்தில் இருப்பவர்களுக்கு மணக்கும், ஆனால் ஈரம் அதிகம், பிடிக்கும்போது பைப்புக்குள் தண்ணீர் களகளக்கும். வைக்கோல் வாசனையோடு லேசான இனிப்பு இருந்தால் வர்ஜீனியா. நம் மைசூர்ப் பக்கம் ஹுன்சூரில் விளைவதும் இந்த இனம்தான். அதில் சர்க்கரை கூடுதல், வேகமாக இழுத்தால் நாக்கு பொத்துப் போகும். லூசியானாவில் பீப்பாயில் அழுத்திப் புளிக்கவைக்கும் பெரிக் இலையைக் கொஞ்சம் சேர்த்தால் வர்ஜீனியாவுக்கு மிளகுக் காரம் வரும். பழகிய கைக்கு விசேஷ நாளில் அது நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம்.

அவர் டன்ஹில் ஆளாக இருந்தால் ஒரு சேதி. அந்தப் பெயரில் பைப் புகையிலை வருவது 2018-ஓடு நின்றுவிட்டது. 'நைட்கேப்', 'எர்லி மார்னிங் பைப்' போன்ற அதே கலவைகள் இப்போது பீட்டர்சன் பெயரில் கிடைக்கின்றன. மைத்துனர் கடையில் அப்படிக் கேட்கட்டும்.

அளவில் ஆசைப்பட வேண்டாம். விமானத்தில் வருபவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய புகையிலை 125 கிராம். 50 கிராம் டப்பா இரண்டு போதும். வாரம் ஒரு முறை பிடிப்பவருக்கு அதுவே மாதக்கணக்கில் வரும். ஒன்று பழகிய கலவை, மற்றது புதிது என்று வாங்கலாம். லடாக்கியா பழக்கமில்லாதவர் என்றால் அதற்குத் தனி பைப் வேண்டும், அந்த வாசனை மரத்தில் ஏறினால் லேசில் போகாது. சோளக்கட்டை பைப் விலை குறைவு, அது போதும்.

டப்பாவைத் திறந்ததும் பற்றவைக்க வேண்டாம். ஒரு சிட்டிகையை விரலால் அழுத்திப் பாருங்கள். உருண்டையாக ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம், காகிதத்தில் பரப்பி வையுங்கள். மும்பை மழைக்காலத்தில் இதற்கு நேரம் பிடிக்கும். பிறகு அடியில் தளர்வாகவும் மேலே சற்று அழுத்தியும் நிரப்பி, தீக்குச்சியில் கந்தக நாற்றம் போன பின் பற்றவைத்து, மெதுவாக, அணைந்துவிடுமோ என்கிற அளவுக்கு இழுக்க வேண்டும். சுவை அந்த நிதானத்தில்தான். இதையெல்லாம் நீங்கள் மாமனாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, மைத்துனருக்கும் ஆசை வந்தால் உதவும். மீதியை ரப்பர் வளையம் போட்ட கண்ணாடி ஜாடியில் வையுங்கள், ஃப்ரிட்ஜ் வேண்டாம்.

அப்புறம், விசேஷம் மாட்டுங்காவில் மண்டபத்தில் என்றால் அங்கே பைப்பை எடுக்கக் கூடாது. பொது இடத்தில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் கடுமையாகவே இருக்கிறது.

கேள்வி: ஃபோர்ட் பக்கம் ஒரு கடையில் வெளிநாட்டு டப்பா வாங்கினேன். பில் தரவில்லை. திறந்தால் இலை மேல் வெள்ளையாக ஏதோ இருக்கிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.
- வாசகர், சயான்

பதில்: வெளிச்சத்தில் பாருங்கள். துகள் துகளாக மின்னினால் பழைய வர்ஜீனியாவில் படியும் படிகமாக இருக்கலாம், அது கெடுதல் இல்லை. பஞ்சு மாதிரி இழை இழையாக இருந்து ஈர நாற்றமும் அடித்தால் பூஞ்சை, தூக்கி எறியுங்கள். சந்தேகமாக இருந்தாலும் எறிந்துவிடுவதே நல்லது.

டப்பாவில் இந்தியப் பட எச்சரிக்கையும், இறக்குமதியாளர் பெயரும், எம்.ஆர்.பி.யும் இருக்கின்றனவா? இல்லையென்றால் அது இங்கே விற்கக் கூடாத சரக்கு. பில் தராததற்குக் காரணமும் அதுவாகத்தான் இருக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். பணம் கொடுத்ததற்கு யு.பி.ஐ. பதிவு இருந்தால் அதை இணையுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் பணம் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள்.