6, 7, 8 மூன்று வகுப்புக்கும் ஒருவரே கணக்கு எடுக்கும்போது, ஒரே முறை ஏன் எடுபடுவதில்லை?

பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் வகுப்புக்கு வகுப்பு மாறுகிறது. ஆறாம் வகுப்பில் 1/2 + 1/3 கொடுத்தால் பலர் 2/5 என்று எழுதுவார்கள். மேலதை மேலதோடு, கீழதைக் கீழதோடு கூட்டுவதுதான் காரணம். விதியைத் திரும்பச் சொல்லிப் பயனில்லை. ஒரே நீளத்தில் இரண்டு காகிதப் பட்டைகள் கொடுங்கள். ஒன்றை இரண்டாகவும் இன்னொன்றை மூன்றாகவும் மடிக்கட்டும். பிறகு இரண்டிலும் ஆறு சம பாகம் வருமாறு கோடு போடட்டும். மூன்று பாகமும் இரண்டு பாகமும் சேர்ந்து 5/6. அதோடு, 2/5 பாதியைவிடக் குறைவாயிற்றே, பாதியோடு இன்னும் கூட்டினால் எப்படிக் குறையும் என்று கேட்டுப் பாருங்கள், அவர்களே அடித்துத் திருத்துவார்கள். அந்த நிமிடத்துக்காகவே இந்த வேலை பார்க்கலாம்!

ஏழாம் வகுப்பில் –3 – 5 = 8 என்பார்கள். 'கழித்தலும் கழித்தலும் கூட்டல்' என்ற பெருக்கல் விதியை இங்கே இழுத்து வருவதுதான் சிக்கல். தரையில் எண்கோடு வரைந்து நடக்க விட்டால் போதும்.

எட்டாம் வகுப்பில் தவறு செய்ய வெட்கம், அதனால் கேள்விக்கு மௌனம். முதலில் நோட்டில் எழுதி, பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட 2 நிமிடம் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். சத்துணவுக்குப் பிந்தைய முதல் பாடவேளையில் புதுப் பாடம் தொடங்காமல், செய்முறையை வைப்பது நல்லது.