ஆஸ்பென் காடு பழுக்கும் பருவம்: கேள்வி பதில்

அமெரிக்க மலைகளில் வளரும் ஆஸ்பென் மரத்தைப் பற்றிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

காரைக்குடி: மகன் டென்வரில் இருக்கிறான். செப்டம்பரில் போகிறோம். ஆஸ்பென் மஞ்சளாவதை எப்போது, எங்கே பார்க்கலாம்? வயது 68, முழங்கால் வலி உண்டு.

ஆச்சி, செப்டம்பர் மூன்றாவது, நான்காவது வாரங்களை ஒதுக்கி வையுங்கள். உயரமான சரிவுகளில் முதலில் பழுக்கும், பிறகு நிறம் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். ஓரிடத்தில் உச்ச நிறம் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அதனால் பயணத் தேதியை முதலில் வைத்துக்கொண்டு, அதற்கேற்ற உயரத்தைத் தேடுங்கள்.

அதிகம் நடக்க முடியாதவர்களுக்கு 285ஆம் நெடுஞ்சாலையில் உள்ள கெனோஷா கணவாய் நல்லது. காரை விட்டு இறங்கினாலே காடு தெரியும். ஆனால் அது 10,000 அடி உயரம், கொடைக்கானலைவிட 3,000 அடி மேலே. விமானத்தில் இறங்கிய மறுநாளே ஏறாதீர்கள். டென்வரில் இரண்டு மூன்று நாள் இருந்து உடம்பைப் பழக்கிக்கொண்டு போங்கள். தலைவலியோ குமட்டலோ வந்தால் மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் உடனே கீழே இறங்கிவிடுங்கள். சனி, ஞாயிறில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், வார நாளில் போங்கள்.

பேரப்பிள்ளைகள் கூட வந்தால் இன்னொன்று: பட்டையில் பெயர் கீற விடாதீர்கள்.

கானாடுகாத்தான்: காற்று இல்லாவிட்டாலும் இந்த இலை ஆடிக்கொண்டே இருக்குமாமே?

காற்றே இல்லையென்றால் ஆடாது. நம் தோலுக்கு உறைக்காத காற்றுக்கும் ஆடும், அவ்வளவுதான். காரணம் காம்பில் இருக்கிறது. அரச இலையும் சலசலக்கிறது, ஆனால் அதன் காம்பை விரலிடையே உருட்டினால் உருளும். ஆஸ்பென் காம்பு உருளாது. அது நாடா மாதிரித் தட்டை, அந்தத் தட்டையும் இலைப்பரப்புக்குச் செங்குத்தாக நிற்கிறது.

கொட்டான் முடைய நறுக்கி வைத்த ஓலைக்கீற்று ஒன்றை எடுத்து, அதன் விளிம்பு மேலே இருக்கும்படி நிறுத்திப் பிடியுங்கள். பக்கவாட்டில் சுலபமாக வளையும். மேலும் கீழும் அசைத்தால் விறைத்துக்கொள்ளும். ஆஸ்பென் இலையும் இப்படித்தான் இடமும் வலமுமாகத் துடிக்கிறது. பெருங்காற்றில் கிழியாமல் தப்புகிறது, அடியில் இருக்கும் இலைகளுக்கும் வெயில் இறங்குகிறது. இலை பழுத்த பிறகு ஒவ்வொரு துடிப்பிலும் வெளிச்சம் மாறுவதால் மலை முழுக்கக் காசு குலுங்குவது போலத் தெரியும். ஓசையும் கேட்கும், கொஞ்ச நேரம் பேசாமல் நின்று கேளுங்கள்.

தேவகோட்டை: நம் வீட்டில் வளருமா?

வளராது. அதற்கு நீண்ட, உறையும் குளிர்காலம் வேண்டும். நம் மார்கழிக் குளிர் போதாது.

பள்ளத்தூர்: சில இடத்தில் மஞ்சள், சில இடத்தில் சிவப்பு. ஒரே வகை மரம்தானா?

ஒரே வகைதான். பகல் சுருங்கி இரவு குளிர ஆரம்பித்ததும் காம்படியில் தக்கை போன்ற அடுக்கு வளர்ந்து இலைக்கான வழியை அடைக்கிறது. பச்சையம் சிதைகிறது. இலைக்குள் ஏற்கெனவே இருந்த கரோட்டினாய்டு என்னும் நிறமி வெளியே தெரிகிறது, அதுதான் மஞ்சள். சிவப்பு அப்படியல்ல. இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு புதிதாக உண்டாகும் ஆந்தோசயனின் என்னும் நிறமி அது. நம் வாதாமர இலை உதிருமுன் சிவப்பதும் இதனால்தான்.

பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத குளிர் என்று போனால் நிறம் பிரமாதமாக வரும். முன்கூட்டியே கடும் உறைபனி விழுந்தால் இலை கருகும். மழைக்காற்று அடித்தால் ஒரே இரவில் கொட்டிவிடும். வசந்தத்தில் ஈரம் அதிகமாக இருந்த ஆண்டுகளில் பூஞ்சை தாக்கி இலையெல்லாம் கரும்புள்ளி விழும்.

கோட்டையூர்: காடு முழுக்க ஒரே மரம் என்கிறார்கள். நம் ஆலமரத்துக்கு மிஞ்சியதா அது?

எல்லாக் காடும் அப்படியல்ல. யூட்டா மாநிலத்தில் ஃபிஷ்லேக் தேசியக் காட்டில் உள்ள பாண்டோ என்ற ஆஸ்பென் தொகுதியைச் சொல்கிறார்கள். 106 ஏக்கர், சுமார் 47,000 தண்டுகள், ஏறத்தாழ 6,000 டன் எடை. அனந்தபூர்ப் பக்கம் உள்ள திம்மம்மா ஆலமரம் ஏறத்தாழ 5 ஏக்கர். பரப்பில் போட்டியே இல்லை.

புதுவயல்: 47,000 தண்டு என்றால் 47,000 மரம். ஒன்று என்பது கணக்கு வித்தை.

இல்லை அண்ணே. மண்ணுக்கடியில் ஓடும் வேரிலிருந்து முளைத்த தண்டுகள் அவை. மரபணுச் சோதனையிலும் ஒன்றாகவே வந்தது. தண்டு ஒவ்வொன்றும் நூறு, நூற்றைம்பது ஆண்டில் சாகும், வேர் அடுத்த முளையை அனுப்பும்.

கோட்டையூர் (மறுபடி): ஆலுக்கு விழுது கண்ணுக்குத் தெரிகிறது. இதற்கு வேர் இணைப்பு இடையில் அறுந்து போயிருந்தால்?

நல்ல கேள்வி. சில இடங்களில் அறுந்தும் இருக்கலாம், பாண்டோவின் நடுவே சாலையே ஓடுகிறது. ஆனால் ஹவுரா ஆலமரத்தின் தாய்த்தண்டை 1925-இல் நோய் காரணமாக வெட்டி எடுத்தார்கள். விழுதுகள் மட்டும் நிற்கின்றன, அதை இன்றும் ஒரே மரம் என்றுதானே சொல்கிறோம்? அதே நியாயம் இங்கேயும்.

கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. எதிர்ச்சரிவை நோக்குங்கள். ஒரு திட்டு முழு மஞ்சள், ஒட்டியிருக்கும் திட்டு இன்னும் பச்சை, அதற்கடுத்தது செம்மஞ்சள். பெரும்பாலும் திட்டுக்கு ஒரு வேர்க்குடும்பம். குடும்பம் முழுக்க ஏறத்தாழ ஒரே சமயத்தில் நிறம் மாறி, ஏறத்தாழ ஒரே சமயத்தில் உதிரும். எனக்கு இந்தக் காட்டின் அழகே அந்தத் திட்டு எல்லைகள்தான்.

தேவகோட்டை (இன்னொருவர்): மொட்டைமாடியில் தொட்டியில் வைத்தால்?

மேலே சொன்ன பதில்தான். தொட்டியிலும் வராது.

ஆத்தங்குடி: விசா நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

பயண முகவரைக் கேளுங்கள்.

காரைக்குடி (மாணவர்): படம் எடுத்தால் இலை மங்கலாக வருகிறது.

தம்பி, இலை ஆடுகிறதே. கேமராவின் ஷட்டர் வேகத்தை நொடியில் 500-இல் ஒரு பங்கு அல்லது அதைவிட வேகமாக வையுங்கள். சூரியன் இலைக்குப் பின்னால் இருக்கும்படி நின்றால் மஞ்சள் எரிவது போல வரும். முளைத் தளிர்களை மிதித்துக்கொண்டு உள்ளே போக வேண்டாம். மான் கடித்தது போக மிஞ்சுவதே கொஞ்சம், பாண்டோவில் அதற்காக வேலியே போட்டிருக்கிறார்கள்.

பள்ளத்தூர்: பட்டையில் பழைய பெயர்கள் இருக்கிற படம் பார்த்தேன். மரம் நன்றாகத்தானே நிற்கிறது?

ஸ்பெயின், பிரான்ஸ் எல்லைப் பக்கத்தைச் சேர்ந்த பாஸ்க் இன ஆட்டிடையர்கள் அந்தக் காலத்தில் கீறியவை அவற்றில் பல. பிழைத்த மரத்தைத்தான் படம் எடுக்க முடியும், செத்தது விழுந்து மக்கிவிட்டது. ஆஸ்பென் பட்டை மெல்லியது, உயிருள்ளது, அதற்குள்ளேயே பச்சையம் இருந்து இலையில்லாத காலத்திலும் வெயிலைப் பிடிக்கிறது. மேலே கை பட்டால் ஒட்டும் வெள்ளைப் பொடிக்கு அடியில் இருப்பது அதுதான். கத்தி பட்ட இடத்தில் பூஞ்சை நுழைந்து பட்டையைச் சுற்றி அழுகச் செய்யும், தண்டு அங்கேயே முறியும். தப்பினால் எழுத்து ஆண்டுக்காண்டு விரிந்து கறுத்த தழும்பாகிவிடும்.